அரை மணி நேரம் தாமதம்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் போய்ச் சில வாரங்கள் தங்கிவிட்டு வருவது இப்போது நம் சங்கத்துக் குடும்பங்களில் சாதாரண விஷயமாகிவிட்டது. பெரும்பாலோர் போவது டிசம்பரில், திரும்புவது ஜனவரி முதல் வாரத்தில். போகும்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. திரும்பும் கடைசி நாள்தான் சோதனை. டில்லியில் வந்து இறங்கினால் மூடுபனி. அங்கிருந்து போபாலுக்கு வரவேண்டிய ரயில் எப்போது புறப்படும் என்று யாரும் சொல்வதில்லை. அந்தக் கடைசி நாளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். ரயில் பாதைப் பராமரிப்பிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் உரிமையும் உண்டு, கொஞ்சம் குற்ற உணர்வும் உண்டு.

சென்ற குளிர்காலத்தில் நானும் என் மனைவியும் ஜெர்மனியில் மகள் வீட்டில் மூன்று வாரம் இருந்தோம். திரும்பும் நாளன்று மன்ஹைமிலிருந்து பிராங்பர்ட் விமான நிலையத்துக்கு ரயிலில் வரவேண்டும். அந்த ரயில் 50 நிமிடம் தாமதம். எனக்கு ஆச்சரியம், மாப்பிள்ளைக்கு இல்லை. ஐரோப்பாவில் ரயில் கடிகாரம் போல ஓடும் என்று நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் 2024ஆம் ஆண்டில் ஜெர்மனியின் தொலைதூர ரயில்களில் 62.5 விழுக்காடுதான் நேரத்துக்கு வந்தன. அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதமாகவே எண்ணாமல் போட்ட கணக்கு. எனவே "அந்த நாட்டைப் பார், நம் நாட்டைப் பார்" என்று தொடங்குபவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கண்ணால் கண்டேன். பலகையில் 50 நிமிடம் என்று போட்டார்கள், காரணமும் போட்டார்கள், ஏறக்குறைய அதே நேரத்தில் ரயிலும் வந்தது. நாங்கள் உள்ளே போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தோம். 60 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் கால் பங்கும், 120 நிமிடத்துக்கு மேல் என்றால் பாதியும் திருப்பித் தருவது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். மிகக் கடுமையான வானிலைக்கு விதிவிலக்கு உண்டு.

டில்லியில் விமானம் பத்திரமாக இறங்கியது. இரவு ஒன்பது மணி ரயிலுக்கு ஸ்டேஷன் வந்து சேர்ந்தோம். "அரை மணி நேரம் தாமதம்" என்று அறிவித்தார்கள். ஒன்பதரைக்கு மறுபடியும் அரை மணி என்றார்கள். பத்தரைக்கு ஒரு மணி என்றார்கள். இப்படியே நள்ளிரவு தாண்டியது. காத்திருக்கும் அறையில் இடமில்லை. பிளாட்பாரத்தில் எங்கள் பக்கத்தில் நாக்பூர் போகவேண்டிய ஒரு தமிழ்க் குடும்பம். சிங்கப்பூரில் விடுமுறையைக் கழித்துவிட்டு வருகிறார்கள். கணவன், மனைவி, பத்து வயதுப் பையன், கூடவே எழுபது தாண்டிய பாட்டி. பாட்டி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் மகன் விசாரணைக் கவுண்டரில் இருந்தவரிடம் சத்தம் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். பையன் அப்பாவைப் பார்த்து, "இந்த நாடே இப்படித்தான், இல்லப்பா?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. "தம்பி, மூடுபனியில் ரயில் மெதுவாகத்தான் வரவேண்டும்" என்று பேச்சைத் தொடங்கினேன். நான் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

குளிர்காலத்தில் காற்று அசையாத, வானம் தெளிவான இரவுகளில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். ஈரமான கங்கைச் சமவெளியில் அதுவே மூடுபனியாகும். புகையும் தூசியும் அதை இன்னும் கெட்டியாக்கும். 180 மீட்டரில் குறித்து வைத்த பொருள் ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மூடுபனி என்று முடிவு செய்வார். உடனே ஓர் ஆள் முதல் சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னால் போய், தண்டவாளத்தில் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு டெட்டனேட்டர்களைக் கட்டுவார். எங்கள் ஆட்கள் அதைப் 'படாக்கா' என்பார்கள். எஞ்சின் ஏறியதும் அது வெடிக்கும். சிக்னல் வருகிறது என்று ஓட்டுநருக்குத் தெரியும். இப்போது சிக்னல் நெருங்குவதை முன்கூட்டியே சொல்லும் ஜி.பி.எஸ். கருவி எஞ்சினில் வந்திருக்கிறது. அதன் துணையோடும்கூட மூடுபனியில் 75 கிலோமீட்டர்தான் உச்ச வேகம்.

அது மட்டுமல்ல. குளிரில் தண்டவாளம் சுருங்கப் பார்க்கும். தடையில்லாமல் விட்டால் 30 டிகிரி குறையும்போது ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் சுமார் 34 சென்டிமீட்டர் சுருங்கும். நீளமாகப் பற்றவைத்துப் பிடித்து நிறுத்தியிருப்பதால் அந்த இழுவிசை முழுவதும் இரும்புக்குள்ளேயே நிற்கும். பற்றவைத்த இடம் பலவீனமாக இருந்தால் விரிசல் விடும். அதைத் தேடித்தான் ஒருவர் கையில் விளக்குடன் இரவெல்லாம் பாதையில் நடக்கிறார். 2010 ஜனவரி 2ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தில் மூடுபனியில் ரயிலோடு ரயில் மோதி உயிர்கள் போயின. 2024 ஜனவரியில் டில்லியில் விமானத்துக்குள் தாமதத்தை அறிவித்த விமானியை ஒரு பயணி அடித்தார். பனிக்கு அவர் என்ன செய்வார்? தாமதமாக வரும் வண்டியை மன்னிக்கலாம். அவசரப்பட்டு வரும் வண்டியை மன்னிக்க முடியாது. பதறாத காரியம் சிதறாது.

அந்தத் தம்பி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "சார், ரயில் மெதுவாக வரட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏழு மணி நேரம் ஆகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் என் அம்மாவை இந்தக் குளிரில் உட்கார வைத்திருப்பேனா? பக்கத்தில் ஓர் அறை எடுத்திருக்க மாட்டேனா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது சரி. இரவு ஒன்பது மணிக்குப் புறப்படும் ரயிலின் பெட்டிகள் பெரும்பாலும் அன்று காலை எங்கிருந்தோ வந்து சேரும் ரயிலின் பெட்டிகள்தான். அது ஏழெட்டு மணி நேரம் தாமதமாக வந்தால், கழுவி, பரிசோதித்து, தண்ணீர் நிரப்ப இன்னும் சில மணி நேரம் வேண்டும். இரவு வண்டி எப்போது கிளம்பும் என்று கட்டுப்பாட்டு அறையில் மாலைக்குள் ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம். ஆனாலும் அரை மணி அரை மணியாகத்தான் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். பாதையில் வேலை நடக்கும்போது, நின்றுபோன ரயிலிலிருந்து இறங்கி வந்து கேட்டவர்களிடம், மூன்று மணி நேரம் ஆகும் என்று தெரிந்தும், "இதோ அரை மணியில்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! உண்மையைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தின் விலையை அன்று அந்தப் பாட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்.

என் கருத்து இதுதான். ரயில்வே வேகத்தைக் கூட்ட வேண்டாம். உண்மையைச் சொன்னால் போதும். பெட்டிகள் எத்தனை மணிக்கு வந்தன, எத்தனை மணிக்குமுன் இந்த வண்டி கிளம்பாது என்பதைப் பலகையில் போடட்டும். கூடுதலாகவே சொல்லட்டும், பரவாயில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகிப் பயணத்தைக் கைவிட்டால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும் என்ற விதி நம்மிடமும் உண்டு. இணையத்தில் வாங்கிய டிக்கெட்டுக்கு, வண்டி உண்மையில் புறப்படுவதற்குமுன் டி.டி.ஆர். பதிவு செய்ய வேண்டும். இதையும் ஒலிபெருக்கியில் சொல்லலாமே!

நாமும் சிலவற்றைச் செய்ய வேண்டும். ஜனவரி முதல் வாரத்தில் திரும்புபவர்கள், பள்ளி திறப்பதற்கும் அலுவலகம் போவதற்கும் இரண்டு நாள் முன்னதாகவே டில்லியில் வந்து இறங்குங்கள். விமானம் இறங்கிய அன்றே ரயில் ஏற நினைக்காதீர்கள். குழந்தைகள் முன்னால் "இந்த நாடே இப்படித்தான்" என்று சொல்லாதீர்கள். அந்தக் கவுண்டரில் இருப்பவரும் இரவு முழுக்க விழித்திருப்பவர்தான். அவரிடம் "எப்போது கிளம்பும்?" என்று கேட்டால் அரை மணி என்றுதான் பதில் வரும். "பெட்டிகள் வந்துவிட்டனவா, எத்தனை மணிக்கு வந்தன?" என்று கேளுங்கள். அதற்குப் பெரும்பாலும் உண்மையான பதில் கிடைக்கும்.

அன்று எங்கள் வண்டி அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பியது. பாட்டிக்கு என் மனைவி தன் கீழ் பெர்த்தைக் கொடுத்துவிட்டு மேலே ஏறிப் படுத்தாள். பையன் ஜன்னல் ஓரம் வந்து உட்கார்ந்து, "தாத்தா, அந்த விளக்குக்காரர் எங்கே?" என்று கேட்டான். கண்ணாடியில் பனி படிந்து ஒன்றும் தெரியவில்லை. "வெளியேதான் நடந்துகொண்டிருக்கிறார்" என்றேன். பையன் கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.