எந்தக் குளத்தூர்?

புராஜெக்ட் முடிஞ்சாச்சு. 'நல்லா வந்திருக்கு, ஜர்னலுக்கு அனுப்பலாம்' என்று கைடும் பச்சைக்கொடி காட்டிட்டார். அறிமுகம், செய்முறை, முடிவுகள் எல்லாம் ரெடி. பாக்கி இருப்பது கடைசியில் வரும் ரெஃபரன்ஸ் லிஸ்ட்தான். 'அதானே... ஒரு ராத்திரி உட்கார்ந்தா போச்சு' என்று நினைக்கிறீங்களா? அங்கேதான் பாஸ் பல பேர் வழுக்கி விழறாங்க!

முதல்ல ஒரு கேள்வி. 'குளத்தூர்' என்று மட்டும் எழுதி ஒரு பார்சல் அனுப்பினால் எங்கே போய்ச் சேரும்? புதுக்கோட்டை மாவட்டத்தில் குளத்தூர் என்று ஒரு தாலுகாவே இருக்கு. நம்ம குளத்தூர் தூத்துக்குடி மாவட்டத்தில், கரிசல் காட்டுக்குள்ளே இருக்கு. 'கு'வுக்குப் பதில் 'கொ' போட்டுட்டா போச்சு, பார்சல் சென்னைக் கொளத்தூரைச் சுத்திப் பார்க்கும்! ஒரே எழுத்துதான், ஊரே மாறிடுது. அதனாலதான் வட்டம், மாவட்டம், பின்கோடு என்று எல்லாத்தையும் எழுதறோம்.

ரெஃபரன்ஸும் இதேதான். முன்பின் தெரியாத ஒருத்தர், நீங்க படிச்ச அதே பேப்பருக்குப் போய்ச் சேர ஒரு விலாசம். ஆசிரியர் பெயர், ஆண்டு, தலைப்பு, ஜர்னல், தொகுதி, பக்கம்... ஒண்ணு தப்பினாலும் ஆள் வேற ஊருக்குப் போயிடுவார். தபாலுக்கு 1972-ல் பின்கோடு வந்த மாதிரி, ஆய்வுக் கட்டுரைகளுக்கு 2000-ல் இருந்து டி.ஓ.ஐ. எண் வந்துடுச்சு. ஜர்னலோட வெப்சைட் மாறினாலும் அந்த எண் கட்டுரைக்குக் கூட்டிட்டுப் போயிடும். இருந்தால் கட்டாயம் போடுங்க.

ஒரு உதாரணம் பார்ப்போமா? சர் சி.வி.ராமனும் கே.எஸ்.கிருஷ்ணனும் 1928 மார்ச் 31 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் ஒரு குட்டிக் கட்டுரை எழுதினாங்க. ராமன் விளைவை உலகத்துக்குச் சொன்ன கட்டுரை அது. கிருஷ்ணன் யார் தெரியுமா? நம்ம பக்கத்து வத்திராயிருப்புக்காரர்! அந்தக் கட்டுரையை ஆசிரியர்-ஆண்டு முறையில் இப்படி எழுதணும்:

ராமன், சி. வி., & கிருஷ்ணன், கே. எஸ். (1928). எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். நேச்சர், 121, 501–502.

மருத்துவ ஜர்னல்களில் வான்கூவர் முறை. 1978-ல் வான்கூவரில் கூடிப் பேசிய எடிட்டர்கள் ஆரம்பிச்சு வெச்சது. அதில் இப்படி:

1. ராமன் சிவி, கிருஷ்ணன் கேஎஸ். எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். நேச்சர். 1928;121:501-2.

சரக்கு ஒண்ணுதான், பேக்கிங்தான் வேற. முதல் முறையில் கட்டுரைக்குள்ளே பெயரும் ஆண்டும் வரும், கடைசி லிஸ்ட் அகர வரிசையில் இருக்கும். இரண்டாவதில் உள்ளே எண் மட்டும், லிஸ்ட் அந்த எண் வரிசையில். எது வேணும் என்பதை ஜர்னலோட 'ஆசிரியர்களுக்கான விதிமுறைகள்' பக்கம் சொல்லிடும். அதைப் படிச்சுட்டு, அதே ஜர்னலில் சமீபத்தில் வந்த ஒரு கட்டுரையைப் பக்கத்தில் வெச்சுக்கிட்டு உட்காருங்க. பாதி வேலை முடிஞ்சது!

என் சொந்தக் கதை ஒண்ணு. முதன்முதலா நான் அனுப்பின பேப்பரில் ஒரு ரெஃபரன்ஸுக்கு ஆண்டும் பக்கமும் தப்பு. பரிசீலிச்சவர் தேடிப் பார்த்துட்டு, 'இப்படி ஒரு கட்டுரையே இல்லையே, நீங்க எங்கே படிச்சீங்க?' என்று கேட்டு எழுதிட்டார். நான் எங்கே படிச்சேன்? வேற ஒருத்தர் லிஸ்ட்ல இருந்து அப்படியே இறக்கினது! அவர் தப்பு என் தலையில் விடிஞ்சது. அன்னைக்குப் போட்ட சட்டம்: படிக்காத பேப்பரை லிஸ்ட்ல சேர்க்கக் கூடாது.

அடுத்தது உங்க பேர். உங்க பேரு முத்துலட்சுமி, அப்பா பேரு கருப்பசாமி என்று வெச்சுக்குவோம். 'முத்துலட்சுமி கே.' என்று போட்டால், கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கிட்டு, கம்ப்யூட்டர் உங்களை 'கே, எம்.' ஆக்கிடும். யாரு அந்த கே.எம்.? உங்களுக்கே தெரியாது! 'முத்துலட்சுமி கருப்பசாமி' என்றால் 'கருப்பசாமி, எம்.' என்று வரும். அப்பா சந்தோஷப்படுவார்தான், ஆனா உழைச்சது நீங்க! 'கே. முத்துலட்சுமி' என்று சொந்தப் பேர் கடைசியில் வந்தால் 'முத்துலட்சுமி, கே.' என்று சரியா விழும். ராமனும் கிருஷ்ணனும் எழுதினது இப்படித்தான். எதை வேணா எடுங்க, ஆனா முதல் பேப்பரில் போட்டதையே கடைசி வரைக்கும் போடுங்க. கூடவே ஆர்க்கிட் என்ற 16 இலக்க எண்ணும் வாங்கிடுங்க. 2012-ல் வந்தது, இலவசம். பேர் குழம்பினாலும் ஆள் குழம்ப மாட்டார்.

சரி, விலாசமே இல்லாதவங்களை என்ன செய்யறது? கோவில்பட்டியில் 1901-லேயே தொடங்கின வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அங்கே ஒரு பழைய அறிக்கையை எடுத்தால், தனி ஆள் பேர் இல்லாவிட்டால் நிலையத்தின் பேரையே ஆசிரியர் இடத்தில் போடலாம். ஆனா மழைக்கு முன்னாடியே காஞ்ச கரிசலில் விதை போடற சூட்சுமத்தை உங்களுக்குச் சொன்ன குளத்தூர்ப் பெரியவர்? அவர் பேப்பர் எழுதலையே! அதுக்கும் வழி இருக்கு. 'நேரில் சொன்ன தகவல்' என்று அவர் பேரையும் தேதியையும் கட்டுரைக்குள்ளேயே அடைப்புக்குறியில் போடணும். கடைசி லிஸ்ட்ல வராது. அவர்கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும், எழுத்தில் வாங்கினா இன்னும் நல்லது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைச்சப்போ எவ்வளவு பெருமைப்பட்டோம்! மிட்டாய்க்கு ஊர் பேர் உண்டு என்றால், அனுபவத்தைச் சொன்னவருக்குப் பேர் வேண்டாமா? அவர் சொன்னதை 'பொதுவாக நம்பப்படுகிறது' என்று எழுதி நாம அமுக்கிட்டா அது நியாயமா?

இவ்வளவையும் கையாலதான் தட்டணுமா என்றால், இல்லை. ஸோட்டரோ மாதிரி இலவச சாஃப்ட்வேர் இருக்கு. ஒரு க்ளிக்கில் ஸ்டைலை மாத்தித் தரும். ஆனா நீங்க உள்ளே போட்டது தப்பா இருந்தா, அந்தத் தப்பையும் அழகா அலங்கரிச்சுத் தரும்! ஏ.ஐ.கிட்ட 'பத்து ரெஃபரன்ஸ் கொடு' என்று கேட்கிறவங்க இன்னும் உஷார். பேர், ஆண்டு, ஜர்னல் எல்லாம் கச்சிதமா இருக்கும், ஆனா அப்படி ஒரு கட்டுரை பிறந்திருக்கவே பிறந்திருக்காது. இல்லாத ஊருக்கு விலாசம் எழுதறதில் அது கில்லாடி!

அனுப்பறதுக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு வேலை. உள்ளே சொன்னதெல்லாம் லிஸ்ட்ல இருக்கா, லிஸ்ட்ல இருக்கிறதெல்லாம் உள்ளே வந்திருக்கா என்று பென்சிலால் டிக் அடிங்க. அப்புறம் லிஸ்ட்டை உங்க ரூம்மேட் கையில் கொடுத்து, 'இதுல அஞ்சைக் கண்டுபிடிடா' என்று சொல்லுங்க. அஞ்சும் கிடைச்சா அனுப்பிடலாம். ஒண்ணு கிடைக்கலேன்னாலும் மறுபடியும் உட்காருங்க, பார்சல் இன்னும் எந்தக் குளத்தூர் என்று தேடிக்கிட்டு இருக்கு!

அடுத்த வாரம் பார்ப்போம்... டாட்டா!