செண்டாயான் பிள்ளைகளும் சமூக ஆராய்ச்சியும்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பான் நகருக்கு அணித்தே, ஒரு காலத்தில் ரப்பர் மரங்களும் பின்னர் செம்பனையும் நிரை நிரையாக நின்ற செண்டாயான் வட்டாரம், இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்ற புதுநகரமாகவும், தொழிற்பேட்டையாகவும், சுங்கை பீசியிலிருந்து பெயர்ந்து வந்த விமானப்படைத் தளமாகவும் உருமாறி நிற்பதைக் கண்ணாரக் காண்கிறோம். இம்மாறுதல் வந்திருக்க வேண்டுமா, கூடாதா என்ற விவாதத்துக்கு இப்போது பிரயோஜனம் இல்லை. ஆனால் அந்தத் தோட்டங்களில் விடியற்காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்கு எழுந்து, பால்மரம் வெட்டி, லயத்து வீட்டில் பிள்ளை பெற்று வளர்த்த தலைமுறையின் கடைசி மனிதர்கள் இன்னும் நம்மிடையே வாழ்ந்துகொண்டிருக்கும் இந்தச் சொற்ப காலத்துக்குள், அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் முதற்பட்டம் பெற்றவர்கள் சமூக அறிவியல் துறைகளில் முதுகலை ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்க முன்வர வேண்டும் என்பதும், அவர்களைத் தாங்கும் பொறுப்பை நமது கல்வி நிதிகள் ஏற்க வேண்டும் என்பதும் நமது திடமான அபிப்பிராயம்.

தோட்டம் ஒன்று கைமாறி வீட்டுமனைகளாகப் பிரிக்கப்படும்போது, வேலை இழக்கும் தொழிலாளிக்கு 1980ஆம் ஆண்டின் பணிநீக்க விதிகள் அளிக்கும் பாத்தியதை என்ன? சேவைக் காலம் 2 ஆண்டுக்குக் குறைந்தால் ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம். 5 ஆண்டுக்குக் குறைந்தால் 15 நாள். அதற்கு மேற்பட்டால் 20 நாள். அந்தக் கணக்கில் மூன்று தலைமுறை குடியிருந்த வீடு வராது. வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த மாடும் போட்டிருந்த கீரைப்பாத்தியும் வரா. தாய்மார் வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை வராது. கங்காணி காலத்தில் எழுப்பிய மாரியம்மன் கோயிலும் வராது. சட்டம் எண்ணாததை எண்ணும்படி செய்ய வேண்டுமானால் அதற்கு அத்தாட்சி வேண்டும். எத்தனை குடும்பங்கள் எங்கே போயின, இடம்பெயர்வதற்கு முன் பெண்களின் வருமானம் என்ன, பின் என்ன, எந்த வயதில் எத்தனை பிள்ளைகள் படிப்பை நிறுத்தினார்கள், முதியோர் யாருடைய ஆதரவில் இருக்கிறார்கள் என்று முறையாகக் கேட்டு, முறையாகப் பதிந்து, பிறர் சோதித்துப் பார்த்தாலும் நிற்கும்படி எழுதி வைக்கும் வித்தைதான் சமூக அறிவியல். நம்மவர்கள் மகஜர் கொடுத்துப் பேச்சுவார்த்தைக்குப் போன சந்தர்ப்பங்களில் நிர்வாகத்தின் கையில் பேரேடு இருந்தது. நம் பக்கத்தில் பெரும்பாலும் நினைவு மட்டுமே இருந்தது. தோட்டம் தனியாருடைய நிலம் என்ற காரணத்தால், கிராமங்களுக்குச் சாலையும் நீரும் மின்சாரமும் கொண்டுசென்ற அபிவிருத்தித் திட்டங்கள் நெடுங்காலம் தோட்ட எல்லைக்கு வெளியிலேயே நின்றுவிட்டன என்பதையும் இதனோடு சேர்த்து நினைத்தால், கணக்கில் வராத மக்களாக இருந்ததன் விலை எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

நம்மைப் பற்றி யாரும் எழுதவில்லை என்று சொல்வதும் நியாயமாகாது. தோட்டத் துண்டாடலால் நேர்ந்தவற்றைப் பொருளியலாளர் உங்கு அஜிஸ் அறுபதுகளின் தொடக்கத்திலேயே விரிவான ஆய்வாகத் தந்தார். நெகிரி செம்பிலானில் தம் தொழிற்சங்க வாழ்வைத் தொடங்கிய பி. பி. நாராயணன் பின்னர் தலைமை தாங்கி நடத்திய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் சரித்திரத்தைச் சார்லஸ் கம்பா 1962இல் பிரசுரித்தார். இந்திய மானிடவியலாளர் ஆர். கே. ஜெயின், மலாயாத் தோட்டமொன்றில் தங்கிக் கண்டவற்றை 1970இல் நூலாக்கினார். கெர்னியல் சிங் சந்துவும் சின்னப்பா அரசரத்தினமும் எழுதிய குடியேற்ற வரலாறுகள் இன்றும் முதற்படியாக நிற்கின்றன. பி. இராமசாமியும் செல்வகுமரன் இராமச்சந்திரனும் 1994இல் தந்த நூல்கள் தோட்டத் தொழிலாளரின் பொருளாதார நிலையைக் கூர்மையாக ஆராய்ந்தன. அமெரிக்கப் பேராசிரியர் ஆண்ட்ரூ வில்ஃபோர்டு, தோட்டங்கள் அழிக்கப்பட்டபோது தமிழர் பட்ட மனவேதனையை 2014இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். இவர்கள் அனைவருக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனாலும், லயத்தில் பிறந்த பெண் தன் பாட்டியிடம் கேட்கக்கூடிய கேள்வியும், அந்தப் பாட்டி அவளிடம் சொல்லக்கூடிய பதிலும், எத்துணைச் சிரத்தையுள்ள அந்நியருக்கும் அத்தனை எளிதில் கிட்டா. இந்நாட்டின் சிந்தனையாளர் சையத் உசேன் அலாத்தாஸ், சுதேசிகள் சோம்பேறிகள் என்ற கட்டுக்கதை எந்த நலன்களுக்காகப் புனையப்பட்டது என்பதை 1977இல் தோலுரித்துக் காட்டியபோது, ஒரு சமுதாயம் தன்னைப் பற்றிய அறிவைத் தானே உண்டாக்கிக்கொள்ளாவிட்டால் பிறர் வரைந்த சித்திரத்துக்குள்ளேயே வாழ நேரும் என்ற உண்மையையும் அல்லவா உணர்த்தினார்?

இங்கே பெற்றோர்களின் ஆட்சேபணையை நாம் அலட்சியமாகக் கருதவில்லை. பால்மரம் வெட்டிய கையாலும், தொழிற்சாலையில் இரவு முறை பார்த்த சம்பளத்தாலும் ஒரு பிள்ளையைப் பட்டதாரியாக்கிய தகப்பனார், “இன்னும் இரண்டு வருஷம் படித்து என்ன வேலை கிடைக்கும்?” என்று கேட்பாரானால், அந்தக் கேள்வியில் பேராசை சிறிதும் இல்லை, பயம் இருக்கிறது, அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. வைத்தியப் படிப்பைப் போல இது நிச்சயமான ஜீவனத்தைத் தருமென்று வாக்களிக்க எம்மால் இயலாது. விரிவுரையாளர் பதவிக்கும், திட்டமிடும் இலாகாக்களுக்கும், ஆய்வு நிலையங்களுக்கும், தொழிற்சங்கங்களுக்கும், சமூகநல ஸ்தாபனங்களுக்கும் இப்படிப்பு வாசலைத் திறக்கும் என்பது உண்மை. வாசல் திறந்தவுடனே நாற்காலி காத்திருக்கும் என்பது உண்மையன்று. ஆகையால்தான் இந்தச் செலவு முழுவதையும் ஒரு குடும்பத்தின் தலையில் சுமத்தக் கூடாது, சமுதாயம் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். இதன் பயனைப் பெறுவதும் சமுதாயம்தானே!

நமது அறநிதிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் ஆண்டுதோறும் கல்வி உதவி வழங்குகின்றன. அந்தப் பரோபகாரத்தை வணங்குகிறோம். எனினும் மருத்துவமும் சட்டமும் பொறியியலும் பயில்வோருக்கு மேடையில் மாலை சூட்டும் நாம், சமூகவியலும் மானிடவியலும் பொருளியல் வரலாறும் ஆராய விரும்பும் மாணவருக்கு என்ன செய்கிறோம்? சர்க்காரின் உதவியை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. முதுகலை மாணவர்களின் கட்டணத்தை ஏற்றுக்கொண்ட ‘மைபிரெய்ன் 15’ திட்டம் சில ஆண்டுகளிலேயே புதிய விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்தியதை அக்காலத்து மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த விஷயத்தில் நமக்கு வழிகாட்ட நம் முன்னோர்களே இருக்கிறார்கள். ஐம்பதுகளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைந்த காலத்தில், ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டியபோது, தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் அன்றாடக் கூலியிலிருந்து வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தின் படியைக்கூட மிதித்திராத அந்த மக்கள், உடனடி வருமானம் எதுவும் தராத ஒரு மானுடக் கல்வித் துறைக்கு ஈந்தார்கள். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது என்றால், அதற்கு அடித்தளமிட்டவர்களில் இந்த ஏழைகளையும் சேர்த்தே எண்ண வேண்டும். அவர்களைவிடப் பன்மடங்கு வசதி பெற்ற நாம் அவர்களைவிடக் குறுகிய நோக்குடையவர்களாக இருக்கலாமா?

இனி விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்ணப்பத்தின் உயிர் ஆய்வு முன்மொழிவில் இருக்கிறது. “தோட்டத் தமிழரின் வாழ்வு” என்று எழுதி அனுப்பினால் அது தலைப்பாகுமே தவிரக் கேள்வியாகாது. செண்டாயானிலிருந்து அடுக்குமாடி வீட்டுக்குப் பெயர்ந்த குடும்பத்தில், ஆயாக் கொட்டகை இல்லாமற்போன பிறகு தாய் வேலைக்குப் போனாளா, போகவில்லையானால் அவளுக்கு வீட்டில் இருந்த சொல்வாக்கு குறைந்ததா என்று கேட்டால் அது கேள்வி. அதற்கு யாரைச் சந்திப்பேன், எத்தனை குடும்பங்களை ஒப்பிடுவேன், எந்தப் பழைய நூலின் முடிவை இதனால் சோதிப்பேன் என்று விளக்கினால் அது முன்மொழிவு. அதை இரண்டு மூன்று பக்கங்களில் தெளிவாக எழுதிக்கொண்டு, அத்துறையில் முன்பே ஆராய்ந்துள்ள பேராசிரியர் ஒருவருக்கு விண்ணப்பத்துக்கு முன்னதாகவே கடிதம் எழுதி, மேற்பார்வையாளராக இருக்க இசைவாரா என்று மரியாதையுடன் கேட்க வேண்டும். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இந்தக் கடிதத்தை எழுதக் கூசி, படிவத்தை மட்டும் பூர்த்தி செய்து அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். கூச்சம் வேண்டியதில்லை, கேட்கப்படுவது பேராசிரியர்களுக்குப் பழக்கமே. முதற்பட்டத்தில் சராசரிப் புள்ளி குறைவென்று மனம் உடைபவர்களும் விதிகளை முழுதும் படிக்க வேண்டும்: பொதுவிதிப்படி 2.50 புள்ளி வேண்டுமென்றாலும், அதற்குச் சற்றுக் குறைந்தவர்கள் தக்க வேலை அனுபவத்தைக் காட்டி நுழைய இடமுண்டு. முதற்பட்டமே இல்லாது நெடுநாள் உழைத்தவர்களின் அனுபவத்தையும் மதிப்பிட்டு முதுகலைக்குத் தகுதி வழங்கும் ‘ஏபெல்’ என்ற வழியும் இருக்கிறது. தொலைவும் பெருந்தடையன்று. சிரம்பானில் கொமுட்டர் ரயில் ஏறினால் பாங்கியில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் பெயரையே தாங்கிய நிலையத்தில் இறங்கலாம். அதே ரயில் கோலாலம்பூருக்கும் போகிறது.

பல்கலைக்கழகத் துறைகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆங்கிலத்தில் தடுமாறி எழுதப்பட்ட முன்மொழிவுக்குள் அருமையான களஅறிவு புதைந்திருக்கக் கூடும். நேர்முகத்தில் அந்த மாணவரைத் தம் தோட்டத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசவிட்டுக் கேட்ட பிறகு முடிவு செய்தால், மொழியைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்பது தேர்வாளர்களுக்கே புலப்படும்.

நெகிரி செம்பிலானில் இயங்கும் ஆலயங்களும், கூட்டுறவுச் சங்கங்களும், தமிழ்ப்பள்ளிகளின் முன்னாள் மாணவர் சங்கங்களும் ஒன்றுகூடி, இம்மாநிலத் தோட்டங்களை ஆராயும் முதுகலை மாணவர் இருவருக்கேனும் ஆண்டுதோறும் கட்டணமும் மாதச் செலவும் தரும் பொதுநிதி ஒன்றை நிறுவ வேண்டும். அந்நிதியால் எழுதப்படும் ஒவ்வோர் ஆய்வேட்டின் பிரதியும், தமிழில் அதன் சுருக்கமும், அந்தந்த வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி நூலகத்தில் வைக்கப்பட வேண்டும். அடுத்த கல்வியாண்டுக்கான விண்ணப்பங்கள் தொடங்குவதற்கு முன்பே இந்நிதி அறிவிக்கப்படுமானால், செண்டாயானில் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்கும் பிள்ளைகளில் சிலராவது இவ்வாண்டே தங்கள் முன்மொழிவை எழுதத் தொடங்குவார்கள்.