நாய்க்குப் பட்ட கடன்

ஆண்டுதோறும் மார்ச் மாதத் தொடக்கத்தில், அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரிலிருந்து புறப்பட்டு, மலைத்தொடரைத் தாண்டி, உறைந்து கிடக்கும் யூக்கான் நதியின் மேலேயே வழி கண்டு, கடைசியில் கடலும் பனிக்கட்டியாய் இறுகிப்போன நார்ட்டன் வளைகுடாவையும் கடந்து, பேரிங் கடலோரத்திலுள்ள நோம் என்னும் சிற்றூரை அடையும் வரையில், ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் தூரம் ஒரு மனிதரும் அவருடைய நாய்களும் தனித்துச் செய்கிற பிரயாணத்துக்கு இடிடரோட் பந்தயம் என்று பெயர். இதை அடியோடு நிறுத்திவிட வேண்டும் என்று பிராணிநலச் சங்கத்தார் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். இதில் எள்ளளவும் குறை சொல்லலாகாது என்று அலாஸ்காக்காரர்களில் ஒரு சாரார் வாதாடுகிறார்கள். இரு தரப்பு வாதங்களையும் நெடுநாள் படித்து வந்தவன் என்ற முறையில் என் அபிப்பிராயம் இதுதான்: மனிதன் நாய்க்குப் பட்ட கடனைத் தீர்ப்பதற்காக ஏற்பட்டது இந்தப் பந்தயம், ஆகையால் அந்தக் கடன் தீர்க்கப்படுகிறதா என்பதை வைத்தே இதை மதிப்பிட வேண்டுமேயன்றி, எத்தனை நாளில் யார் முந்தினார் என்பதை வைத்து அன்று.

அந்தக் கடன் எத்தகையது என்பதை அறிய 1925-ஆம் வருஷத்துக்குப் போக வேண்டும். அவ்வருஷம் ஜனவரி மாதத்தில் நோம் நகரத்துக் குழந்தைகளிடையே தொண்டை அடைப்பான் நோய் பரவிற்று. ஊரிலிருந்த ஒரே வைத்தியரான கர்டிஸ் வெல்ச்சிடம் நல்ல நிலையில் சீரம் மருந்து இல்லை. கடல் உறைந்துவிட்டபடியால் கப்பல் வராது. அக்காலத்து விமானங்கள் அந்தக் குளிரில் பறப்பதை நம்புவதற்கில்லை. மூன்று லட்சம் அலகு மருந்து ரயிலில் நெனானா வரையில் வந்து சேர்ந்தது. அங்கிருந்து நோம் வரைக்கும் உள்ள 1,085 கிலோமீட்டரையும், பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது பாகைக்கும் தாழ்ந்த குளிரில், இருபது வண்டியோட்டிகள் ஏறத்தாழ நூற்றைம்பது நாய்களைக்கொண்டு, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றி மாற்றி, ஐந்தரை நாளில் கடந்தார்கள். அவர்களில் பலர் அந்நாட்டுப் பழங்குடியினர்; அவர்கள் பெயர்கள் பத்திரிகைகளில் பெரிதாக வரவில்லை. எல்லோரிலும் அதிக தூரம் போனவர் லெயன்ஹார்ட் செப்பாலா. மருந்தை எதிர்கொண்டு வாங்கப் போனதையும் வாங்கித் திரும்பியதையும் சேர்த்து அவருடைய நாய்கள் ஓடியது 420 கிலோமீட்டர். அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய டோகோ என்ற நாய்க்கு அப்பொழுது வயது பன்னிரண்டு. வேறெந்த வீட்டிலும் வாசற்படியில் படுத்துக் கிடந்திருக்கக்கூடிய வயது. கடைசிக் கட்டத்தில் குன்னர் காசன் என்பவர், தம் முன்னே ஓடும் நாய்களே தம் கண்ணுக்குப் புலப்படாத பனிப்புயலில், பால்டோ என்னும் தலைநாயின் மோப்பத்தை நம்பி வண்டியை விட்டு, பிப்ரவரி 2-ஆம் தேதி விடியுமுன் நோம் நகரத்தில் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அந்த உபகாரத்துக்கு மனிதர்கள் செய்த பிரதியுபகாரம் எனக்கு இன்றளவும் துக்கந் தருவது. அதே வருஷம் டிசம்பரில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் பால்டோவுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். ஆனால் உயிரோடிருந்த பால்டோவையும் அதன் தோழர்களையும் ஊர் ஊராகக் காட்டிப் பணம் பண்ணி, பிறகு கைமாற்றிவிட, அவை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் காசு வாங்கிக் காட்டும் ஒரு காட்சிக் கூடத்தில் கட்டுண்டு, கவனிப்பாரற்று மெலிந்து கிடந்தன. 1927-இல் அவற்றைத் தற்செயலாகக் கண்ட ஒரு வியாபாரி மனம் பொறாமல் முயற்சி எடுத்தபோது, கிளீவ்லாந்து நகரத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் காசு சேர்த்துக் கொடுத்து அவற்றை மீட்டார்கள். பெரியவர்கள் மறந்த கடனைச் சிறுவர்கள் செலுத்தினார்கள்.

பிற்காலத்தில் நாய்க்கு நேர்ந்தது இன்னும் பெரிய மறதி. 1960-களில் பனியில் ஓடும் மோட்டார் வண்டி அலாஸ்காவின் கிராமங்களுக்குள் புகுந்தது. அதற்குத் தீனி போட வேண்டாம். கோடையில் அதற்காக மீன் பிடித்து உலர்த்த வேண்டாம். சில வருஷங்களுக்குள் வீட்டுக்கு வீடு கட்டியிருந்த நாய்கள் காணாமற் போயின. ஜோ ரெடிங்டன் என்பவர் கிராமங்களுக்குச் சென்று இதைக் கண்ணாரக் கண்டு வருந்தினார். பழைய தபால் பாதைக்கு மறுபடி உயிர் கொடுத்து அதிலே ஒரு பந்தயம் நடத்தினால் நாய்களும் பிழைக்கும் என்று அவரும், அந்த யோசனையை முதலில் எழுப்பிய டாரதி பேஜ் அம்மையாரும் எடுத்த பிரயத்தனத்தின் பயனே இடிடரோட். 1973-இல் நோம் வரையிலான முதல் பந்தயத்தில் 34 வண்டிகள் கிளம்பி 22 வந்து சேர்ந்தன. முதலில் வந்தவருக்கு இருபது நாளும், கடைசியில் வந்தவருக்கு முப்பத்திரண்டு நாளும் ஆயின. கடைசியாக வருபவருக்குச் சிவப்பு லாந்தர் ஒன்றைப் பரிசாகக் கொடுப்பதும், அவர் வரும் வரையில் நோம் நகரத்தில் ஒரு விளக்கை அணையாமல் வைத்திருப்பதும் இந்தப் பந்தயத்தின் வழக்கம். வழியில் இருப்பவன் வீடு சேரும்வரை விளக்கை எடுக்காத வழக்கத்தைப் பந்தயத்துக்குள் கொண்டுவந்தவர்கள் வேகத்தை மட்டும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

மஷர் என்று அங்கே வழங்கப்படுகிற வண்டியோட்டி ஒரு சாவடிக்கு வந்து சேரும்போது என்ன செய்கிறார் என்பதைச் சற்றே நின்று கவனித்தால் இந்த உறவின் தன்மை விளங்கும். நள்ளிரவாயிருக்கும். அவர் விரல்கள் மரத்திருக்கும். தூங்கி ஒரு நாள் ஆகியிருக்கும். ஆயினும் அவர் முதலில் தமக்காக எதையும் செய்துகொள்வதில்லை. வைக்கோலைப் பிரித்து ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனியே படுக்கை பரப்புகிறார். பனிக்கட்டி காலைக் கிழிக்காமலிருப்பதற்காக மாட்டிய துணியுறைகளை, பதினாறு நாயானால் அறுபத்து நான்கையும், ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். விரலிடுக்குகளைப் பிரித்துப் பார்த்து, வெடிப்புக் கண்ட இடத்தில் களிம்பு தடவுகிறார். அடுப்பை மூட்டிப் பனியை உருக்கி, இறைச்சியும் மீனும் கொழுப்பும் கலந்து கஞ்சி காய்ச்சி ஊற்றுகிறார். எந்த நாய் ஆவலோடு குடிக்கிறது, எந்த நாய் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்பதை விளக்கைப் பிடித்துப் பார்க்கிறார். கஞ்சியை வேண்டாமென்ற நாய்க்கு ஏதோ ஆகியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கால்நடை மருத்துவர் வந்து இதயத்தையும் மூட்டுகளையும் சோதித்துப் பார்க்கிறார். களைத்த நாயை அங்கேயே விட்டுவிட்டு மீதியோடு புறப்படுவதற்கு விதி இடங் கொடுக்கிறது. விட்ட நாயை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்புகிறார்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் மனிதர் சாய்கிறார். இருபது இருபத்தைந்து கிலோ எடையுள்ள இந்த நாய்கள் பந்தய நாட்களில் தினமொன்றுக்குப் பதினாயிரம் கலோரி உணவை எரித்துவிடுகின்றன என்பதையும், ஓரிரு நாளில் அவற்றின் உடலே தன் எரிமுறையை மாற்றிக்கொண்டு, தசையில் சேமித்ததைக் கரைத்துவிடாமல் ஓடப் பழகிவிடுகிறது என்பதையும் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். ஓடுவது இவற்றின் இயற்கை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சேணவாரை எடுத்த மாத்திரத்தில் துள்ளிக் குதித்துக் குரல் கொடுக்கும் நாயைக் கட்டாயத்துக்காக ஓடுகிறது என்று சொல்ல முடியாது.

ஆனால் ஓடுவதற்கு ஆசைப்படுகிற ஜீவன் நிற்பதற்குத் தானாக அறியாது என்பதும் உண்மை. ஆதலால் நிறுத்தும் பொறுப்பு முழுவதும் மனிதனுடையதாகிறது. முதல் பந்தயத்தில் இருபது நாளான தூரத்தை 2017-இல் மிட்ச் சீவி எட்டு நாள் சொச்சத்தில் கடந்தார். பாதை செம்மைப்பட்டதும், உணவும் பயிற்சியும் சிறந்ததும் இதற்குக் காரணங்கள். அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் அத்தனை நீண்ட வழியில் விதிப்படி கட்டாயமான ஓய்வு ஓர் இருபத்து நான்கு மணியும் இரண்டு எட்டு மணியும் மட்டுமே. மற்றபடி நிற்பதும் போவதும் வண்டியோட்டியின் விருப்பம். 2024-ஆம் வருஷத்துப் பந்தயத்தில் மூன்று நாய்கள் இறந்தன. அவற்றை ஓட்டியவர்கள் பந்தயத்திலிருந்து விலகினார்கள்; விலகியது முறையே; ஆனாலும் நாய்கள் போனவை போனவையே.

2022-இல் நடந்த ஒரு சம்பவம் என்னை இதைவிட அதிகமாக உறுத்துகிறது. நோம் நகரத்துக்கு அணித்தே, பந்தயத்தின் இறுதிக் கட்டத்தில், கடும் புயலில் சிக்கிய மூவர் தங்கள் நாய்களை வழியிலிருந்த புகலிடக் குடில்களுக்குள் அழைத்துக்கொண்டு போய்க் காத்தார்கள். மருத்துவக் காரணமின்றி நாய்களை உள்ளே சேர்த்தல் கூடாதென்பது அப்போதைய விதி. வெளியிலேயே நாய்களை வைத்திருந்த போட்டியாளர்களைக் காட்டிலும் இவர்களுடைய நாய்களுக்கு நல்ல ஓய்வு கிடைத்துவிட்டது என்று கூறி, இருவரை வரிசையில் கீழே இறக்கி, ஒருவருக்கு அபராதம் விதித்தார்கள். போட்டியாளருக்குள் சமநீதி வேண்டும் என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் புயலில் நாயைக் கூரைக்குள் சேர்த்ததே குற்றமாகும்படி ஒரு விதி இருந்ததென்றால், அந்த விதியை எழுதியவர்கள் இந்தப் பந்தயம் எதற்காகப் பிறந்தது என்பதை அப்பொழுது நினைக்கவில்லை என்றே சொல்வேன். கட்டாய ஓய்வு இப்போதுள்ளதைப் போல் இரட்டிப்பாக வேண்டும். நாய்களைச் சிறப்பாகப் பேணியவருக்குச் செப்பாலாவின் பெயரால் ஒரு விருது கொடுக்கிறார்களே, அது முதற்பரிசுக்குச் சமமான பரிசாக உயர வேண்டும். எட்டு நாள் பன்னிரண்டு நாளானால் யாருக்கு என்ன நஷ்டம்?

இவ்வளவு சொன்ன பிறகும் பந்தயத்தைத் தடை செய்யுங்கள் என்று நான் சொல்லாததற்குக் காரணம், நாய்கள் இல்லாமற் போன ஒரு தேசத்தின் கதையே. கனடாவில், கியூபெக் மாகாணத்தின் வடகோடியிலுள்ள நூனவிக் பிரதேசத்தில் இனுயிட் மக்கள் வாழ்கிறார்கள். மரமே இல்லாத அந்த வெளியில் அவர்கள் நாய்களை விசிறி விரித்தாற்போல், ஒவ்வொன்றுக்கும் தனிக் கயிறிட்டுப் பூட்டுவார்கள். ஒரு நாய் பனிப்பிளவில் விழுந்தாலும் மற்றவை இழுபடாமல் தப்பும். கடல்நாய் மூச்சுவிட வரும் துளையை மோப்பத்தால் காட்டியதும், வெண்கரடி வருவதை முன்னறிவித்ததும், புயலில் கண் தெரியாத எஜமானை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் அந்த நாய்களே. 1950-களின் நடுவிலிருந்து 1960-களின் இறுதி வரையில், அம்மக்கள் குடியிருப்புகளில் ஒன்று சேர்க்கப்பட்ட காலத்தில், தெற்கே பண்ணை நிலங்களுக்கென்று இயற்றிய சட்டத்தைக் காட்டி, அவிழ்ந்து திரிகின்றன என்று சொல்லி, போலீசாரும் பிற அதிகாரிகளும் அந்த நாய்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி ழான்-ழாக் குரோட்டோ விசாரித்து 2010-இல் அளித்த அறிக்கை, கொல்லப்பட்டவை ஆயிரத்துக்கு மேல் என்று கூறிற்று. நாய் போனதும் வேட்டை போயிற்று. வேட்டை போனதும், தம் கையால் குடும்பத்தைக் காப்பாற்றி வந்த மனிதர்கள் கடைச் சாமானுக்கும் உதவித்தொகைக்கும் காத்து நின்றார்கள்.

அந்த மக்கள் 2001-இல் இவாக்காக் என்ற நெடுந்தூரப் பந்தயத்தைத் தாமே ஏற்படுத்தினார்கள். நூனவிக்கின் இனுயிட் மக்களே ஓட்ட வேண்டும், பூர்வீக இனுயிட் நாய்களே ஓட வேண்டும் என்பது அதன் நியமம். ஆண்டுக்காண்டு பாதை மாறி, ஊருக்கு ஊர் வண்டிகள் வந்து இறங்குகின்றன. நாயின் அருமையைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு அவர்களுக்கு வேறு வழி இல்லை. நல்ல முறையில் நடத்தப்படும் பந்தயம் என்ன செய்யக்கூடும் என்று கேட்பவர்களுக்கு இதையே நான் காட்டுவேன்.

2024 நவம்பர் 23-ஆம் தேதியன்று, நூனவிக்கிலுள்ள கங்கிக்சுஜுவாக் என்ற கிராமத்துக்குச் சென்று, அந்த நாய்களைக் கொன்றதற்காகக் கனடா அரசாங்கத்தின் பெயரால் மன்னிப்புக் கேட்டவர், இலங்கையில் பிறந்து சிறுவயதில் அந்நாட்டில் குடியேறிய தமிழரான அமைச்சர் ஹரி ஆனந்தசங்கரி. நான்கரைக் கோடி டாலர் ஈட்டுத்தொகையும் அறிவிக்கப்பட்டது. டொரான்டோவிலும் மான்ட்ரியலிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுண்டு: உங்கள் பிள்ளைகள் சினிமாவில் பார்த்து பால்டோவின் பெயரை அறிந்திருப்பார்கள், அவர்களுக்கு டோகோவின் கதையையும், பெயர் தெரியாமல் மாண்ட அந்த ஆயிரம் நாய்களின் கதையையும், நம்மவர் ஒருவர் அங்கே போய் மன்னிப்புக் கேட்ட கதையையும் நீங்களே சொல்லிக் கொடுங்கள்.