பேராமையும் அகத்தித் தீவு மீனவரும்

சென்ற இதழில் நம் சங்கத்துக் கல்லூரி மாணவி ஒருவர் எழுதிய லட்சத்தீவுப் பயணக் கட்டுரையை அன்பர்கள் படித்திருப்பீர்கள். நடை நன்றாக இருந்தது. ஆனால், அகத்தித் தீவில் கடலாமைகளைக் குறை சொல்லும் மீனவர்களை "மனசாட்சி இல்லாதவர்கள்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் பார்த்தது பச்சை ஆமை. நம் தென்கடலோரத்தில் அதற்குப் பேராமை என்று பெயர். பச்சை என்பது ஓட்டின் நிறமல்ல, உள்ளே இருக்கும் கொழுப்பின் நிறம். வளர்ந்த ஆமை 150 கிலோகூட இருக்கும். சிறு வயதில் கண்டதையும் தின்றாலும், வளர்ந்தபின் ஏறக்குறைய சைவம். கடற்புல்லும் பாசியும்தான் ஆகாரம். முட்டையிடும் பருவம் வருவதற்கு 25 முதல் 35 ஆண்டுகள் ஆகலாம். எங்கள் ரயில்வே இலாகாவில் பிரமோஷன்கூட அதற்குள் வந்துவிடும்!

பிறந்த கரைப் பக்கமே போய் முட்டையிடும் இந்த ஆமையை, பொங்கலுக்கு ஊர் திரும்பும் நம்மோடு மாணவி ஒப்பிட்டிருந்தார். ஒப்புமை பாதி வரை சரி. பெண் ஆமை அப்படிப் போவது பெரும்பாலும் 2 முதல் 4 ஆண்டுகளுக்கு ஒரு முறை. மற்றக் காலமெல்லாம் மேய்வது வேறு கடலில். அதற்குத் தீனி போடுவது அந்த இடம்.

அகத்தியைச் சுற்றிப் பவளப் பாறைக்கு உட்புறம் ஆழமில்லாத கடல் இருக்கிறது. அதன் அடியில் புல்வெளி. மீன் குஞ்சுகள் ஒளிந்து வளர்வது அந்தப் புல்லுக்குள். மணலைப் பிடித்து வைப்பதும் அதன் வேர்தான். அங்கே பேராமைகள் கூட்டமாக வந்து மேய்ந்தன. புல் குட்டையாகி, பிறகு திட்டுத் திட்டாக அற்றுப் போயிற்று. மீன் குறைந்துவிட்டது, வலையும் கிழிகிறது என்று மீனவர்கள் சொன்னார்கள். மைசூர் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் ஆய்வாளர்கள் நீருக்குள் இறங்கிப் பார்த்து, மீன் குறைந்ததற்கும் ஆமை மேய்ந்ததற்கும் தொடர்பு உண்டு என்று 2013-ல் எழுதினார்கள். ஓரிடத்தில் புல் தீர்ந்ததும் ஆமைகள் அடுத்த தீவுக்கு நகர்ந்து அங்கும் தீர்த்தன என்பது 2021-ல் வெளிவந்த ஆய்வு. ஆக, மீனவர் சொன்னது வீண் புலம்பல் அல்ல.

ஆமை மட்டும் என்ன செய்யும்? பசித்தால் மேய்கிறது. அதை வேட்டையாடும் புலிச்சுறா போன்ற பெரிய சுறாக்களை மனிதர்கள் பல கடல்களில் பிடித்துக் குறைத்துவிட்டோம். தண்டவாளத்தை மட்டும் கனமாகப் போட்டுவிட்டு அடியில் இருக்கும் ஜல்லியைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்று எந்தக் கேங்மேனைக் கேட்டாலும் சொல்வார்.

2025 அக்டோபரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பச்சை ஆமையை அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் வரிசையிலிருந்து எடுத்து, கவலை குறைந்த வரிசையில் சேர்த்தது. சந்தோஷம்தான். அதற்காக 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பைத் தளர்த்தலாம் என்று யாராவது கிளம்பினால் அதை நான் ஏற்க மாட்டேன். ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. சூடு ஏறினால் பெண்ணே அதிகம். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பவளத்திட்டுக் கரைகளில் பிறந்த இளம் ஆமைகளில் 99 சதவீதத்துக்கு மேல் பெண் என்று 2018-ல் கண்டறிந்தார்கள். ஆண் இல்லாமல் எத்தனை தலைமுறை ஓடும்?

சட்டம் அப்படியே இருக்கட்டும். ஆனால் யானை பயிரை அழித்தால் விவசாயிக்கு நஷ்டஈடு உண்டு அல்லவா? புல் போய் மீன் போன தீவுக்காரருக்கும் அதுபோல ஏதாவது ஏற்பாடு வேண்டும். சுறாவுக்கும் பாதுகாப்பு வேண்டும். புல்வெளியை மீட்கும் திட்டத்தில் மீனவரையும் உட்கார வைத்துப் பேச வேண்டும். கொச்சியில் இருக்கும் நாம் டிக்கெட் வாங்கிப் போய் ஆமை பார்த்து வருகிறோம். அவர்களுக்கு அது அன்றாடச் சோறு.

அடுத்து அகத்தி போகும் குடும்பங்கள், ஆமையைப் போட்டோ எடுத்த பிறகு, படகுக்காரரிடம் புல் முன்பு எவ்வளவு உயரம் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். நம் கொச்சி மலையாளமே போதும். உயரத்தைக் கையால் காட்டிச் சொல்வார்கள்.