டபுள் சார்ஜர் போடாதே தம்பி!

இந்த வாரம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். "அண்ணே, உங்க எலக்ட்ரிக் பைக்குல டபுள் சார்ஜர் போட்டிருக்கீங்களாமே, அது எப்படி?" ஒருவர் ஜங்கிலிகாட், ஒருவர் டாலிகஞ்ச். மூன்றாவது ஆள் என் சொந்த மச்சினன், கோவில்பட்டியிலிருந்து போனில். தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

போட்டது உண்மை. பிடுங்கி எறிந்ததும் உண்மை. இரண்டாவது செய்தி மட்டும் ஏனோ யாருக்கும் போய்ச் சேரவில்லை.

முதலில் கதை. என் பைக்கின் பேட்டரி 3.24 யூனிட் பிடிக்கும். கூட வந்த சார்ஜர் ஏறத்தாழ 800 வாட். காலியிலிருந்து நிரம்ப நாலரை மணி நேரம். எனக்கு அது பொறுக்கவில்லை. ஏன் பொறுக்கவில்லை என்று இப்போது யோசித்தால் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆபீஸ் போக வர 14 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை சிடியாடாப்பு போனால்கூட ஒரு வழி 25 கிலோமீட்டர்தான். ஆனாலும் பொறுக்கவில்லை. வீடியோ பார்த்தேன், அதே மாதிரி இன்னொரு சார்ஜரும் ஒரு 'ஒய்' கனெக்டரும் வாங்கினேன். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகினேன். பொறியியல் படித்தவன் நான். சிரிக்காதீர்கள்.

பத்து நாள் ராஜா மாதிரி இருந்தேன். பதினோராவது நாள் ராத்திரி எட்டு மணிக்குத் தங்கமணி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். "என்னங்க, ஏதோ கருகுற வாடை வருதே?" ஓடிப்போய்ப் பார்த்தால் எக்ஸ்டென்ஷன் போர்டின் பிளக், சுவரில் உள்ள சாக்கெட்டோடு ஒட்டி, வெல்லப்பாகு மாதிரி உருகிக்கொண்டிருந்தது. மெயினை அணைத்தேன். பைக் நின்றது வராந்தாவில். வராந்தாவுக்கு அந்தப் பக்கம் ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் என் இரண்டு பிள்ளைகளும் படுக்கிற கட்டில். அன்றைக்கு எட்டு மணிக்கு நடந்தது, நடுராத்திரி இரண்டு மணிக்கு நடந்திருந்தால்? அதற்கு மேல் எழுத எனக்கு மனசு வரவில்லை.

எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். கணக்கைப் பாருங்கள். ஒரு சார்ஜர் சுவரிலிருந்து இழுப்பது மூன்றரை, நாலு ஆம்பியர். இரண்டு சேர்ந்தால் ஏழு, எட்டு. நான் சொருகியது 6 ஆம்பியர் பிளக். எம்.சி.பி.யோ 16 ஆம்பியர். எட்டு ஆம்பியர் அதன் கண்ணுக்கு ஒரு பொருட்டே இல்லை. தொடுப்பு எங்கே தளர்ந்திருக்கிறது, எங்கே கொதிக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியவே தெரியாது. இன்னொன்று: மின்னோட்டம் இரண்டு மடங்கானால் தொடுப்பில் வரும் சூடு இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு. இது பள்ளிக்கூடப் பாடம். நானும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான்.

இதில் அந்தமானின் பங்கும் உண்டு. இங்கே வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. மிச்ச நாளில் உப்புக்காற்று. ஆறு மாசம் விட்டுப் பார்த்தால் சாக்கெட்டின் பித்தளையில் பச்சை பூத்திருக்கும். அந்தப் பச்சை மின்சாரத்தைத் தடுக்கும், தடுக்கிற இடம் சூடாகும், சூடு தொடுப்பை இன்னும் கெடுக்கும். மதுரையில் ஒருவருக்கு வருஷக்கணக்கில் ஒன்றும் ஆகாத வேலை, இங்கே பதினோரு நாளில் பல்லைக் காட்டிவிட்டது.

சரி, பிளக்கை 16 ஆம்பியராக மாற்றி, நல்ல வயர் இழுத்து, எர்த்தும் சரியாகக் கொடுத்தால்? "அப்பப் போடலாம்ல அண்ணே?" என்கிறார் டாலிகஞ்ச் தம்பி. கூடாது தம்பி. சுவர்ப்பக்கம் சரியானாலும் பேட்டரிப்பக்கம் அப்படியே இருக்கிறது. அந்தப் பேட்டரியும் அதன் பி.எம்.எஸ். என்ற காவல்காரனும் இத்தனை ஆம்பியர் உள்ளே வரும் என்று கணக்குப் போட்டுச் செய்யப்பட்டவை. கனெக்டர், வயர், ஃப்யூஸ் எல்லாம் அந்தக் கணக்குக்குத்தான். கம்பெனி கொடுக்கும் வேகச் சார்ஜர்கள் பேட்டரியோடு பேசும். உன் சூடு எவ்வளவு, இப்போது எவ்வளவு வாங்குவாய் என்று கேட்டுக்கேட்டுக் கொடுக்கும். நான் வாங்கிய 'ஒய்' கனெக்டர் யாரோடும் பேசாது. அது வெறும் கம்பி.

அப்படிப் போட்டும் பாதி நேரம் மிச்சமாகிறதா என்றால் அதுவும் இல்லை. லித்தியம் பேட்டரி முக்கால் பங்குக்கு மேல் நிரம்பியதும் தானாகவே மெதுவாகத்தான் வாங்கும். பந்தியில் கடைசி இலைக்காரர் பாயசம் சாப்பிடுகிற மாதிரி. நாலரை மணி நேரம் எனக்குக் குறைந்தது மூன்றாகத்தான். இந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் பிள்ளைகள் தூங்கும் ஜன்னலோரம் நெருப்பை வைத்திருந்தேன்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் 2022-ஐ ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அந்த மார்ச் மாதம் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். செப்டம்பரில் செகந்திராபாத்தில், ஸ்கூட்டர் ஷோரூமில் பிடித்த தீயின் புகை மேலே இருந்த லாட்ஜுக்கு ஏறி 8 பேர் செத்தார்கள். இவர்கள் யாரும் டபுள் சார்ஜர் போட்டதாக நான் சொல்லவில்லை. கம்பெனி கொடுத்தபடி இருந்த வண்டிகளே அந்த வருஷம் ஊரூருக்கு எரிந்தன என்பதுதான் விஷயம். அதற்குப் பிறகுதான் ஏ.ஐ.எஸ்.-156 பாதுகாப்பு விதிகளை இறுக்கி, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என்று இரண்டு கட்டமாக அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அத்தனை சோதனையும் கம்பெனி கொடுத்த வடிவத்துக்குத்தான். நாம் ஒரு 'ஒய்' கம்பியைச் சொருகிய நிமிஷம் அந்தச் சான்றிதழ் வெறும் காகிதம். வாரண்டியும் காகிதம்.

வாரண்டி போனால் போகட்டும், புதுப் பேட்டரி வாங்கிக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒரு கேள்வி. எப்படிக் கொண்டுவருவீர்கள்? தனியாக அனுப்பும் லித்தியம் அயான் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது என்று 2016 ஏப்ரல் 1 முதல் உலகம் முழுக்கத் தடை. அப்புறம் கப்பல்தான். சென்னையிலிருந்து மூன்று நாள் கடல். அதற்கு முன்னே புக்கிங், ஆபத்தான சரக்குக்கான காகிதங்கள், பிறகு ஹாடோவில் இறக்க வேண்டும். நிலப்பகுதியில் பேட்டரி கெட்டால் தலைவலி. தீவில் கெட்டால் வண்டி மூலையில் நிற்கும், கோழி கூடு கட்டும்.

இனி நான் எழுத வந்த முக்கியமான சண்டை. இது நம் வீட்டுப் பிளக் விவகாரம் மட்டும் இல்லை.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடியில் 2,300 கிலோமீட்டர் கேபிள் வந்தது. நமக்கெல்லாம் ஒழுங்கான இணையம் கிடைத்தது. ஊரில் இருக்கிற அம்மா முகத்தை வீடியோவில் திக்கித்திணறாமல் பார்த்தோம். ஆனால் மின்சாரம் அப்படிக் கடல் தாண்டி வரவில்லை. இங்கே எரிகிற ஒவ்வொரு பல்பும் இந்தத் தீவிலேயே பிறந்தாக வேண்டும். அதில் பெரும்பங்கு டீசல் ஜெனரேட்டர். அந்த டீசலும் கப்பலில் வருவது. நாம் கட்டுகிற பில் அந்தச் செலவில் ஒரு பகுதிதான், மிச்சம் அரசின் தலையில்.

ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்றரை, நாலு யூனிட் கிடைக்கும். வழியில் கொஞ்சம் போக வீட்டுக்கு வருவது சுமார் மூன்று என்று வையுங்கள். என் பேட்டரி நிரம்பச் சுவரிலிருந்து 3.8 யூனிட் வேண்டும். ஆக ஒன்றேகால் லிட்டர் டீசல். அதில் 80லிருந்து 100 கிலோமீட்டர் ஓடுகிறேன். பெட்ரோல் பைக் என்றால் ஒன்றேமுக்கால், இரண்டு லிட்டர் ஆகும். ஆக டீசலில் பிறந்த மின்சாரமானாலும் எலக்ட்ரிக் பைக்தான் லாபம். நான் பைக்கின் எதிரி இல்லை, இன்றும் அதில்தான் போகிறேன். ஆனால் "நான் புகையே விடுவதில்லை" என்று நெஞ்சை நிமிர்த்தாதீர்கள். உங்கள் புகைக்குழாய் பவர்ஹவுஸில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் குழாயைச் சின்னதாக்க ஒரு வழி உண்டு. பகலில் சார்ஜ் போடுவது. நம்ம நெய்வேலி என்.எல்.சி. நிறுவனம் 2020-ல் இங்கே அட்டம்பஹாட், டாலிகஞ்ச் இரண்டு இடத்திலும் சேர்த்து 20 மெகாவாட் சூரிய மின்சாரத்தை, பேட்டரிச் சேமிப்போடு, ஓடவிட்டது. அதற்கு முன்பே கராச்சரமாவில் என்.டி.பி.சி.யின் 5 மெகாவாட். உச்சிவெயிலில் இவை கொடுக்கும்போது நம் பைக்குகள் எங்கே இருக்கின்றன? ஆபீஸ் வாசலில், பிளக் இல்லாமல், சும்மா நிற்கின்றன. வெயில் சாய்ந்து ஏழு மணிக்கு, ஃபேன், டி.வி., ஏ.சி., மிக்ஸி எல்லாம் ஓடி ஜெனரேட்டர்கள் மூச்சுவாங்கும்போது, நாம் வீட்டுக்கு வந்து சார்ஜரைச் சொருகுகிறோம். அதுவும் இரண்டு சார்ஜர்! தெருவுக்கு இருபது வீட்டில் இதைச் செய்தால் டிரான்ஸ்ஃபார்மர் என்ன பாடுபடும்? அப்புறம் "கரண்ட் போச்சு" என்று மின்துறையைத் திட்டுவதும் நாமேதான்.

"அமெரிக்காவுல போடுறாங்களே" என்கிறான் மச்சினன். போடுகிறார்கள். ஜீரோ மோட்டார்சைக்கிள்ஸ் 2016 மாடல்களுக்குச் 'சார்ஜ் டேங்க்' என்று ஒரு துணைக்கருவியே விற்றது. ஆனால் அது வண்டி செய்தவனே தன் பேட்டரிக்கு அளவெடுத்துச் செய்தது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மைல் போகிறவர்களுக்குச் செய்தது. ஹாவ்லாக்கில் ஜெட்டியிலிருந்து ராதாநகர் கடற்கரை 12 கிலோமீட்டர். அதற்கு எதற்கய்யா சார்ஜ் டேங்க்?

நியாயமான ஒரு எதிர்வாதம் உண்டு, மறைக்க மாட்டேன். டிரங்க் ரோட்டில் டிக்லிபூர் வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ரங்கத்திலும் மாயாபந்தரிலும் உறவு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அந்தப் பாதையில் வேகச் சார்ஜ் வேண்டும்தான். ஆனால் அதை அரசு, சோலாரும் பேட்டரியும் சேர்த்து, வழியில் இரண்டு மூன்று இடத்தில் வைக்க வேண்டும். என் வீட்டு வராந்தாவில் அல்ல.

ஊருக்குள் நாம் கேட்க வேண்டியது வேறு. செக்ரடேரியட், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஜெட்டி, பஜார் - எங்கெல்லாம் பகல் முழுக்க வண்டி நிற்கிறதோ அங்கெல்லாம் கூரை போட்ட ஸ்டாண்டு, எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக், ஒரு மீட்டர். இதற்கு ராக்கெட் விஞ்ஞானி வேண்டாம், நல்ல எலக்ட்ரீஷியன் போதும். கார்களுக்கான 60 கிலோவாட் வேகச் சார்ஜர் ஒன்று இழுக்கும் மின்சாரத்தில் 800 வாட்டில் 75 பைக்குகளை ஒரே நேரத்தில் ஏற்றலாம். ஆபீஸ் முடிவதற்குள் அத்தனையும் நிரம்பிவிடும். வீட்டிலும் ஆபீஸிலும் இருக்கிற இணைப்பிலேயே வண்டிக்குச் சார்ஜ் போடலாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2022 ஜனவரி வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது. ஸ்மார்ட் மீட்டர் வைத்த வீடுகளுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் பகலில் விலை குறைவு, உச்ச நேரத்தில் அதிகம் என்று வைக்கச் சொல்லி 2023-லேயே விதி திருத்தியாகிவிட்டது. சட்டம் பகல் பக்கம், சூரியன் பகல் பக்கம், பேட்டரியும் பகல் பக்கம். நாம் மட்டும் ராத்திரி பக்கம் நின்று ஆம்பியரை ஏற்றுகிறோம்.

எங்கள் ஆபீஸில் நான் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். ஒரு பிளக் கிடைத்தது. ஒன்றே ஒன்று. அதற்கு இப்போது நாலு பேர் முறை வைத்திருக்கிறோம், வாரத்துக்கு ஒருவருக்கு ஒருநாள், அதிகம் ஓட்டுகிறவருக்கு இரண்டு நாள். 14 கிலோமீட்டர்க்காரனுக்கு அதுவே போதும். இதுவரை யாருடைய வண்டியும் நடுவழியில் நிற்கவில்லை.

ஆகவே தம்பிகளே, மச்சினா, அந்த இரண்டாவது சார்ஜருக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைச் சோதியுங்கள். 16 ஆம்பியர் தனி லைன் இழுங்கள். ஓட்டி வந்த சூட்டோடு சொருகாமல் அரைமணி ஆறவிடுங்கள். பிள்ளைகள் படுக்கிற இடத்துக்கும் வெளியே போகிற வழிக்கும் நடுவில் வண்டியை நிறுத்தாதீர்கள். மிச்ச நேரம் இருந்தால் ஆபீஸுக்கு ஒரு மனு எழுதுங்கள்.

பி.கு.: ஊரை 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் ஆக்கிவிட்டார்கள். வீட்டில் இன்னும் போர்ட் பிளேர்தான். உருகிய அந்தப் பிளக்கைத் தங்கமணி தூக்கிப் போடவில்லை. ஷோகேஸில், என் கல்லூரி மெடலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார் :-)