நிற்கும் வண்டியையும் கவனியுங்கள்



குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்துவிட்டால் பலர் காரைக் கொட்டகையில் பூட்டிவிட்டு, வெயில் திரும்பிய பிறகுதான் வெளியே எடுப்பார்கள். சிங்கப்பூரில் பனி ஏது என்று கேட்பீர்கள். பனி இல்லைதான். ஆனால் நம்மவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுப் புறப்படுவதும் அதே மாதங்களில்தான். நவம்பரில் பள்ளி விடுமுறை விட்டதும் சிராங்கூன் ரோட்டில் சாமான் வாங்கிப் பெட்டி கட்டிவிடுகிறோம். பள்ளிப் பிள்ளை இல்லாத வீட்டார் ஊரில் பொங்கல் முடித்தே திரும்புகிறார்கள். டிசம்பரோ சிங்கப்பூரில் மழை மிக அதிகமாகக் கொட்டும் மாதம்.

வண்டி நின்றால் என்ன ஆகும் என்பதை நாம் கண்ணாரக் கண்டவர்கள். 2020 மார்ச் 18-இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வேலைக்குப் போன பிள்ளைகள் பலர் சிங்கப்பூரிலேயே தங்க நேர்ந்தது. ஆள் ஒரு கரையில், வண்டி மறு கரையில். பொதுமக்கள் பழையபடி சொந்த வண்டியில் பாலத்தைக் கடக்க 2022 ஏப்ரல் 1 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அத்தனை நாள் கவனிப்பாரற்று நின்ற வண்டி சாவியைத் திருப்பியவுடன் கிளம்புமா?

முதலில் படுப்பது பேட்டரிதான். இன்ஜின் ஓடாவிட்டாலும் கடிகாரமும் திருட்டு எச்சரிக்கை மணியும் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இறங்கி அப்படியே கிடந்தால் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் உப்புப் படிந்து, பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. பேட்டரிக்குக் குளிர்தான் எமன் என்று பலர் நினைக்கிறார்கள். குளிர் அன்றைய பலத்தைக் குறைக்கும். ஆயுளைக் குறைப்பது நம் ஊர் வெயில்தான். மாதக்கணக்கில் போகிறவர்கள் மைனஸ் முனையின் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். புதுவகைக் கார்களுக்கு இதில் தனி விதிகள் உண்டு. வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சாவியைக் கொடுத்து, "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விடுப்பா" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நம்மில் ஏராளம். அதனால் பலன் கொஞ்சமே. வாரம் முழுதும் நின்றபோது பேட்டரி இழந்த மின்சாரம் அந்த ஐந்து நிமிடத்தில் முழுதாகத் திரும்பாது. புகைக்குழாயில் சேர்ந்த ஈரமும் காயாது. சிங்கப்பூரில் நிறுத்திய வண்டியின் இன்ஜினைச் சும்மா ஓடவிடுவது குற்றமும்கூட. அரை மணி நேரம் சாலையில் ஓட்டி, ஏர்கானையும் போட்டுவிடச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் இன்சூரன்ஸ் அந்தத் தம்பிக்கும் செல்லுமா என்று கேட்டுக்கொண்டு சாவியைக் கொடுங்கள். விபத்து நடந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

டயரில் வழக்கத்தைவிடச் சற்று அதிகம் காற்றடித்து வையுங்கள். ஒரே இடம் அழுந்திச் சப்பையாவது குறையும். சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் ஹேண்ட் பிரேக் தேவையில்லை. ஈரக்காற்றில் அது இறுகிப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் டாங்கி நிறைந்திருக்கட்டும். உள்ளே முறுக்குத் துண்டு ஒன்று கிடந்தாலும் எலிக்கு அழைப்பிதழ்தான். வெட்டவெளியில் கான்வாஸ் போர்த்துகிறவர்கள் மடிப்பில் மழைநீர் தேங்காமல் பார்க்க வேண்டும். ஏடிஸ் கொசு வளர ஒரு வாரம் போதும்.

கப்சாய் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் தோட்டத்துத் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியானால் பெட்ரோல் குழாயை மூடி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும். செயினுக்கு எண்ணெய் விட்டு, நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

செலவு மட்டும் நிற்பதில்லை. 1990-இல் வந்த வாகன உரிமைச் சான்றிதழ் முறைப்படி பத்தாண்டுக் கணக்கு, கார் ஓடினாலும் நின்றாலும் கரைந்துகொண்டே இருக்கும். சாலை வரியும் இன்சூரன்ஸும் ஊரில் இருக்கும்போது முடிகிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

ஊரிலிருந்து திரும்பியதும் உடனே குடும்பத்தோடு கோயிலுக்குக் கிளம்பிவிடாதீர்கள். எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசை போட்ட வண்டியானாலும் பிரேக் தட்டு துருப்பிடிக்கத்தான் செய்யும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கத்தான் செய்யும். பானெட்டைத் திறந்து எலி கடித்த வயர் இருக்கிறதா, வண்டிக்கு அடியில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கார் நிறுத்துமிடத்துக்குள்ளேயே மெதுவாக உருட்டி, பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். மிதி பஞ்சுபோல் அமுங்கினாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, அங்கேயே நிறுத்திப் பட்டறைக்காரரை வரச் சொல்லுங்கள். பிள்ளைகளை ஏற்றுவது அதற்குப் பிறகு.