பல் கட்டும் யந்திரமும் நம் பிள்ளைகளின் பிழைப்பும்

சென்ற மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த வேளையில், மேல் லயத்துத் தாய் ஒருவர் நம்மை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "அண்ணாச்சி, எம் மவ பிளஸ் டூ முடிச்சிருக்கா. பல்லு கட்டுத லேபு வேலைக்கு ரெண்டு வருசப் படிப்பு இருக்காம். அனுப்பலாம்னு பாத்தா, அங்கயும் மெசினு வந்துட்டுன்னு சொல்லுதாவ. கொழுந்து வெட்டவும் மெசினு, பல்லு கட்டவும் மெசினு. நாங்க புள்ளையள எங்கதான் அனுப்ப?"

அங்கேயே நின்று பதில் சொல்ல நம்மால் இயலவில்லை. சொல்லியிருந்தாலும் அது வாசல் பேச்சாகத்தான் போயிருக்கும். ஆகவே இந்த மாதப் பக்கங்களை அந்தக் கேள்விக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

முதலில் செய்தியைப் பார்ப்போம். 2017-இல் சீனாவின் சியான் நகரில் ஒரு பெண்ணின் தாடையில் இரண்டு செயற்கைப் பற்களை ஓர் எந்திரக் கை பொருத்தியது. டாக்டர்கள் அருகில் நின்று கண்காணித்தார்களே தவிர, துளையிட்டதும் பொருத்தியதும் யந்திரமே. அமெரிக்காவில் டாக்டரின் கையைப் பிடித்து வழிநடத்தும் ரோபோ அதற்கு முன்பே அனுமதி பெற்றுவிட்டது. 2024-இல் இன்னோர் அமெரிக்கக் கம்பெனி, பல்லுக்குத் தொப்பி போடுவதற்காகப் பல்லைச் செதுக்கும் வேலையை முழுக்க யந்திரமே ஒரு மனிதனின் வாயில் கால் மணி நேரத்தில் செய்து முடித்தது என்று அறிவித்தது. இவற்றைப் படிக்கிறவர்களுக்கு, இனி பல் டாக்டருக்கே வேலை இல்லை என்று தோன்றும்.

அவருக்கு ஒன்றும் ஆகாது, கவலை வேண்டாம். எந்த வேலை யந்திரத்துக்குப் பறிபோகும் என்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஃப்ரே, ஆஸ்பார்ன் என்ற இருவர் 2013-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். அமெரிக்காவின் 702 தொழில்களை எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பல் டாக்டருக்குக் கிடைத்த எண் நூற்றுக்கு அரைக்கும் குறைவு. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்கும் உதவியாளருக்கு 51. பல் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்டுக்கு 68. லேபில் உட்கார்ந்து பல் கட்டுகிற டெக்னீஷியனுக்கு 97.

இந்த நாலு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள், தோழர்களே. தோட்டத்தில் துரை, கண்டக்டர், கங்காணி, கூலி என்று அடுக்கியிருந்ததைப் போலவே இருக்கிறது அல்லவா? ஒரே பல்தான், ஒரே வாய்தான். ஆனால் யந்திரம் வரும்போது டாக்டருக்கு அது புதிய கருவி, கடைசி மேசையில் இருப்பவனுக்கு அதுவே சீட்டுக் கிழிப்பு.

இந்தக் கணக்கை வேதவாக்காக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அமெரிக்காவில் மொத்த வேலைகளில் 47 சதவிகிதத்துக்கு ஆபத்து என்றார்கள் அவர்கள். ஆனால் ஒரு தொழிலை முழுசாக எடுக்காமல் அதற்குள் இருக்கும் சிறுசிறு வேலைகளாகப் பிரித்து 21 நாடுகளில் பார்த்த இன்னொரு ஆய்வு, 2016-இல் 9 சதவிகிதம்தான் என்றது. பயந்து அழுகிற குழந்தையை வாய் திறக்க வைக்கும் ஹைஜீனிஸ்டுக்கு 68 கொடுத்தவர்கள், அப்படி ஒரு குழந்தையைப் பார்த்திருப்பார்களா என்ற சந்தேகம் நமக்கும் உண்டு. ஆனால் அந்த 97 விஷயத்தில் அவர்கள் அதிகம் தவறவில்லை. லேபுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

பழைய முறையில் ஒரு பல் எப்படிக் கட்டப்படும்? டாக்டர் பசை மாவைக் குழைத்து நோயாளியின் வாயில் வைத்து அளவு எடுப்பார். அந்த அளவை ஒரு பையன் டப்பாவில் போட்டு, நெடுமங்காடு பஸ் பிடித்து நகரத்து லேபுக்குக் கொண்டுபோவான். அங்கே ஒருவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பார். இன்னொருவர் மெழுகில் பல்லைச் செதுக்குவார். மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை வார்ப்பவர் வேறொருவர். அதைத் தேய்க்க ஓர் ஆள். அதன்மேல் பீங்கான் மாவைப் படலம் படலமாக ஏற்றிச் சூளையில் வைக்க ஓர் ஆள். கடைசியில் அதே பையன் அதைத் திரும்பக் கொண்டுவந்து கொடுப்பான். ஒரு பல்லைச் சுற்றி ஆறேழு பேருக்குச் சோறு.

இப்போது பேனாவைவிடச் சற்றுப் பருமனான ஒரு காமிராவை வாய்க்குள் சுற்றிக் காட்டினால் பல்வரிசை முழுதும் திரையில் வந்துவிடுகிறது. அளவு, கம்பி வழியாக லேபுக்குப் போகிறது, பஸ் தேவையில்லை. கம்ப்யூட்டரில் ஒருவர் பல்லை வரைகிறார். ஜிர்கோனியா என்ற வெள்ளைக் கட்டியை மெஷின் கடைந்து பல்லாக்குகிறது. பிறகு ஏறத்தாழ 1500 டிகிரி சூட்டில் சுட்டு எடுக்கிறார்கள். நிறம் ஏற்றவும் மெருகு போடவும்தான் இன்னும் மனிதக் கை வேண்டியிருக்கிறது. இது நேற்றுப் பிறந்த வித்தையும் அல்ல. நாற்காலியில் நோயாளி இருக்கும்போதே பல் அடைப்பைக் கடைந்து தரும் மெஷினைச் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் 1985-இலேயே ஓட்டிக் காட்டிவிட்டார்கள். நம் பக்கம் வந்து சேர இத்தனை காலம் ஆயிற்று, அவ்வளவுதான்.

நமது சங்கக் குடும்பத்துப் பையன் ஒருவன் கதையை இங்கே சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றவன். நகரத்தில் ஒரு சிறு லேபில் டப்பா தூக்கப் போனான். பார்த்துப் பார்த்தே மெழுகு வேலை கற்றுக்கொண்டான். ஒன்பது வருஷத்தில், அவன் செதுக்கிய கடைவாய்ப் பல்லைப் பார்த்து டாக்டர்களே ஆள் யார் என்று கேட்கும் அளவுக்குக் கை தேர்ந்தது. மெஷின் வந்தது. டிப்ளமா படித்திருந்த இரண்டு பேரைக் கம்ப்யூட்டர் பழகக் கொச்சிக்கு அனுப்பினார்கள். இவனிடம் மட்டும், "இனி மெருகு போடு" என்றார்கள். சம்பளம் பாதியானது. கேட்கப் போனபோது, அவன் அங்கே வேலை செய்தான் என்பதற்கே ஒரு தாள் கிடையாது. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, வேலை உத்தரவு இல்லை. இன்று அவன் டைல்ஸ் ஒட்டுகிறான். அவனிடம் வித்தை இல்லாமல் போகவில்லை, தாள்தான் இல்லாமல் போயிற்று.

அப்படியானால் மெஷினை உள்ளே விடாமல் மறிப்பதா? மறித்துப் பார்த்த வரலாறு நமக்கு உண்டு. 1960-களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள் கம்ப்யூட்டர் உள்ளே வராதபடி இரவு பகலாகக் கட்டடத்துக்குக் காவல் இருந்தார்கள். அவர்களை இன்று கேலி செய்வோர் உண்டு, நாம் செய்யமாட்டோம். வயிற்றுக்குக் காவல் இருந்தவர்கள் அவர்கள். ஆனால் கயிற்றுத் தொழிலில் நடந்ததையும் மறைக்கக்கூடாது. கேரளத்தில் தேங்காய் மட்டையைக் கையால் அடித்துப் பிழைத்த பெண்களைக் காக்க வேண்டும் என்று, 1970-களில் மட்டை அடிக்கும் மெஷினுக்கு அரசு தடை போட்டது. நல்ல எண்ணம்தான். மெஷினோ எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்தது. பொள்ளாச்சிப் பக்கம் நார் ஆலைகள் பெருகின. கடைசியில் ஆலப்புழைக் கயிற்றுக்கே தமிழ்நாட்டு நார் லாரி ஏறிப் போகும் நிலை வந்தது. மட்டை அடித்த பெண்களுக்கு அந்த வேலையும் மிஞ்சவில்லை, வேறு வேலையும் கற்றுத்தரப்படவில்லை.

யந்திரம் வேண்டிய இடமும் இருக்கிறது. 2015-இல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக் குழியில் இறங்கிய ஆந்திரத் தொழிலாளிகள் இருவரும், அவர்களைக் காப்பாற்றக் குதித்த ஆட்டோ ஓட்டுநர் நௌஷாத்தும் மூச்சு முட்டி மாண்டார்கள். அதற்குப் பிறகு திருவனந்தபுரத்து இளைஞர்கள் சிலர் உருவாக்கிய பெருச்சாளி ரோபோவை, 'பேண்டிகூட்' என்ற பெயரில், 2018-இல் இதே நகரத்தின் சாக்கடையில் இறக்கினார்கள். குழிக்குள் இறங்கியவர்களுக்கே மேலே நின்று அதை ஓட்டவும் பயிற்சி கொடுத்தார்கள். அந்த ரோபோவை நாம் இரு கை கூப்பி வரவேற்கிறோம். பல் லேபிலும் இப்படி ஒரு பக்கம் உண்டு. உலோகத்தைத் தேய்க்கும்போது பறக்கும் குரோமியம், கோபால்ட் தூளும், சிலிக்காத் தூசியும் நெஞ்சுக்குள் போய் நுரையீரலைக் கெடுக்கும் என்பது மருத்துவ உலகம் அறிந்த விஷயம். மூடிய பெட்டிக்குள் மெஷின் கடைந்தால் அந்த இருமல் குறையும். அதை வேண்டாம் என்று சொல்ல நாம் யார்?

நம் மலையிலேயே ஒரு விசித்திரத்தைப் பார்க்கிறோம். மேலே தேயிலைத் தொழிற்சாலை ஒன்று கிடக்கிறது, உள்ளே யந்திரங்கள் துருப்பிடிக்க. அங்கே நம் ஆட்களின் வேலை போனது யந்திரம் வந்ததால் அல்ல, யந்திரம் நின்றதால். கீழே அதே வித்துராவில், மருதாமலையில், நாடெங்கிலும் இருந்து பிள்ளைகள் வந்து விஞ்ஞானம் படிக்கும் ஐசர் நிலையம் நிற்கிறது. லயத்துக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை. ஆனாலும் நம் பிள்ளை அந்த வாசலைத் தாண்டுவது தோட்ட வேலைக்கோ சமையற்கட்டு வேலைக்கோதான்.

ஆகவே நம் சண்டை மெஷினோடு அல்ல, மெஷின் பக்கம் உட்காரும் நாற்காலி யாருக்கு என்பதோடு. அந்த நாற்காலிக்குத் தாள் கேட்கிறார்கள். 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டமே டெண்டல் மெக்கானிக் என்ற தொழிலைப் பெயர் சொல்லிப் பதிவுக்குள் கொண்டுவந்தது. படித்தவனுக்குப் பதிவு, பார்த்துக் கற்றவனுக்கு ஒன்றுமில்லை. சரி, நம் பிள்ளை படித்தே பதிவு பெறட்டும் என்று போனால், சீட்டுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். 1950 ஆகஸ்டு 10 தேதியிட்ட ஜனாதிபதி உத்தரவைக் காட்டி, அன்று உன் பாட்டன் எந்த மாநிலத்தில் குடியிருந்தான் என்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்திலேயே மலையேறி, காட்டை அழித்துத் தேயிலை நட்டவனின் பேரன் அதற்கு என்ன தாள் காட்டுவான்? லயத்து வீட்டுக்குப் பட்டா உண்டா? இந்த ஒரு தாள் இல்லாமல் தமிழ்நாட்டிலும் இடமில்லை, இங்கேயும் இடமில்லை என்று நின்ற குடும்பங்கள் நம்மில் எத்தனை! ரோபோ வந்து தட்டிப் பறிப்பதற்கு முன்பே தாசில்தார் ஆபீஸ் ஜன்னலில் பறிபோய்விடுகிறது அந்த வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாய் நோய்க்கு ரோபோதான் வழி என்று நினைப்பவர்கள் இதே திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்ததைப் பார்க்கட்டும். 1996 முதல் மண்டலப் புற்றுநோய் மையம் சுமார் 1,90,000 பேரை வைத்து ஒரு பரிசோதனை நடத்தியது. 13 பகுதிகளில் ஏழில், மருத்துவம் படிக்காத பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். ஆயுதம் என்ன? டார்ச் விளக்கும் இரண்டு கண்ணும்தான். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கு, கன்னம், ஈறு எல்லாம் பார்த்து, சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் அனுப்பினார்கள். 2005-இல் முடிவு வெளியானது. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுநோய்ச் சாவு 34 சதவிகிதம் குறைந்திருந்தது. வெற்றிலையும் புகையிலையும் மடியில் முடிந்துகொண்டு கொழுந்துக்குப் போகும் நம் பெண்களுக்கு இதைவிடத் தேவையான பல் வேலை எது? தமிழ் தெரிந்த நம் பெண்பிள்ளைகள் லயம் லயமாகப் போய்ச் செய்யக்கூடிய வேலை இது. சம்பளம் கொடுத்து அவர்களை அமர்த்து என்று பஞ்சாயத்திடமும் சுகாதார இலாகாவிடமும் கேட்க வேண்டியது நாம்.

லேபில் ஏற்கெனவே வேலை செய்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஆட்குறைப்பை உண்டாக்கக்கூடிய புது யந்திர முறையைக் கொண்டுவருமுன் தொழிலாளிக்கு 21 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் இருந்தது. 2020-இல் இயற்றிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. ஐந்தாறு பேர் வேலை செய்யும் லேபில் இதை யார் மதிக்கிறார்கள் என்பீர்கள். உண்மைதான். ஆனால் வேலை உத்தரவு ஒன்றைக் கையில் வைத்திருப்பவன் கேட்கவாவது முடியும். சம்பளத்தைக் கையில் வாங்காமல் பாங்கில் போடச் சொல்லுங்கள், அதுவும் ஒரு தாள்தான்.

மேல் லயத்துத் தாய்க்கு நம் பதில்: மகளை அனுப்புங்கள். ஆனால் "வேலை கற்றுத்தருகிறோம், சான்றிதழ் பிறகு" என்று சொல்லும் எந்த லேபுக்கும் அனுப்பாதீர்கள். அரசாங்கம் அங்கீகரித்த டிப்ளமாதானா, அதில் கம்ப்யூட்டரில் பல் வரையக் கற்றுத்தருகிறார்களா என்று சேருமுன் கேளுங்கள். மெழுகு மட்டும்தான் என்றால் வேண்டாம். மூவாற்றுப்புழையில் 1988-இல் தொடங்கிய ஒரு பல் லேப் இன்று ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுக்கிறது. மெஷினோடு வளர்ந்த லேப்தான் அது. வேலை ஒழிந்துவிடவில்லை, இடம் மாறி ஓரிடத்தில் குவிகிறது. அங்கே விடுதியில் தங்க உங்கள் மகள் தயாரா என்பதையும் அவளிடமே கேளுங்கள்.

சான்றிதழ் விஷயமாக ஆர்.டி.ஓ.வைப் பார்க்கச் சங்கம் ஒரு குழு அமைத்திருக்கிறது. பாட்டன் பூட்டன் பெயர் உள்ள பழைய செக்ரோல் நகல், தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளிக்கூட டி.சி., எது இருந்தாலும் வரும் ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்துக்கு எடுத்துவாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.